ஊரும் பேரும் தெரிந்துபோன ஒருவன்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றே சீர்செய்யப்பட்டது.)



சீன வாள்வீச்சுத் தொடர் ஒன்றைப் பற்றித் தமிழில் ஒரு மணி நேரம் பேசப்போகிறேன் என்றதும் என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: "யாராவது வருவாங்களா?" வந்திருக்கிறீர்கள். பாதிப் பேர் பின்னால் கொதிக்கிற தேநீருக்காக வந்திருந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

நான் வளர்ந்தது தோ பாயோவில், ஒரு புளோக்கின் நான்காவது மாடியில். பக்கத்து வீட்டில் ஒரு கான்டனீஸ் பாட்டி இருந்தார். பேரப்பிள்ளைகள் அவரை "போ போ" என்பார்கள். கான்டனீஸில் அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு அதுதான் முறைப்பெயர். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். "வயசான மனுஷி வாசல்ல நின்னு போ போங்கிறியே, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க" என்று அம்மாவுக்குச் சங்கடம். போ போ வீட்டில்தான் தொலைக்காட்சி பெரிது. சாயங்காலமானால் ஹாங்காங் வாள்வீச்சுத் தொடர் ஓடும். தரையில் உட்கார்ந்து பார்ப்போம்.

1979இல் சிங்கப்பூரில் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கிய பிறகு, ஹாங்காங்கிலிருந்து வந்த தொடர்களுக்கு இங்கே மாண்டரின் டப்பிங் ஏறியது. அவையெல்லாம் போ போவின் தாய்மொழியில் எடுக்கப்பட்டவை. திரையில் உதடு கான்டனீஸில் அசையும், காதில் மாண்டரின் விழும். பாட்டிக்கு மாண்டரினும் வராது, எழுத்தும் தெரியாது. வாயைப் பார்த்தால் புரிகிறது, காதைக் கொடுத்தால் புரியவில்லை என்று பேரனிடம் சலித்துக்கொள்வார். பேரன் அவருக்குக் கான்டனீஸில் சொல்லுவான், எனக்கு உடைந்த ஆங்கிலத்தில் சொல்லுவான். என் முதல் சீனக் கதைகள் அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தன: பாதி உதட்டிலிருந்து, பாதி நண்பனிடமிருந்து.

இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்ட தொடரின் பெயர் "தியன்லோங் பாபு". பாபு என்றதும் ஏதோ நம் ஊர்க்காரர் நடித்திருக்கிறார் என்று சின்ன வயதில் நம்பியவன் நான். தியன் என்றால் தேவர், லோங் என்றால் நாகர், பாபு என்றால் எட்டுக் கூட்டம். பௌத்த சூத்திரங்களில் புத்தர் உபதேசம் செய்யும்போது கேட்க வருகிற மனிதரல்லாத எட்டு வகையினர்: தேவர், நாகர், யட்சர், கந்தர்வர், அசுரர், கருடர், கின்னரர், மகோரகர். பதினெண்கணங்களின் பட்டியலைப் படித்தவர்களுக்கு இவர்களில் பலர் பழைய அறிமுகம். ஒரு சராசரிச் சீனப் பார்வையாளர் அகராதியைத் தேடவேண்டிய தலைப்பு இது. நமக்கு அந்தச் சிரமம் இல்லை. ஆனால் எட்டு வகையினரைத் தேடிக்கொண்டு தொடருக்குள் போனால் ஏமாந்துபோவீர்கள். யட்சரும் வரமாட்டார், கருடரும் வரமாட்டார். வருகிறவர்கள் எல்லாரும் மனிதர்கள். ஆளுக்கொரு வெறி பிடித்த மனிதர்கள். தலைப்பு அவர்களைத்தான் சொல்கிறது.

நாவலை எழுதியவர் ஜின் யோங். ஹாங்காங்கில் 1959இல் "மிங் பாவ்" நாளிதழைத் தொடங்கியவர். 1963இலிருந்து 1966 வரை இந்த நாவல் மிங் பாவில் தொடராக வந்தது. அதே காலத்தில் நம் சிங்கப்பூரின் "நான்யாங் சியாங் பாவ்" நாளிதழிலும் வந்தது. தினமும் ஒரு துண்டு. இங்கே காப்பிக் கடையில் செய்தித்தாளைப் பின்பக்கத்திலிருந்து பிரித்தவர்கள் இதற்காகத்தான் பிரித்திருப்பார்கள். நாள்தோறும் எழுதியதன் தழும்புகள் கதையில் நிறைய. 1965இல் ஜின் யோங் ஐரோப்பாவுக்குப் போனபோது, இடைவெளி விழாமல் எழுதிக்கொடுக்கும்படி நண்பர் நி குவாங்கிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். நி குவாங்குக்கு ஆ ஸி என்ற பெண் பாத்திரத்தைக் கண்டாலே ஆகாது. ஜின் யோங் திரும்பி வருவதற்குள் அவள் கண்ணைக் குருடாக்கிவிட்டார். பிற்பாடு நாவலைத் திருத்தியபோது நண்பர் எழுதிய பகுதியைப் பெரும்பாலும் எடுத்துவிட்ட ஜின் யோங், அந்தக் குருட்டை மட்டும் விட்டுவைத்தார். கதையின் முடிவே அதன்மேல் நிற்கிறது. அடுத்தவர் வீம்புக்குச் செய்ததைத் தூக்கிப்போடாமல் தனதாக்கிக்கொள்ளும் பெருந்தன்மை எழுத்தாளர்களிடம் அபூர்வம்.

இந்தக் கதையைத் தொலைக்காட்சி திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறது. ஹாங்காங்கின் டிவிபி 1982இல் எடுத்தது, 1997இல் மறுபடி எடுத்தது. 1982இல் ஷூ ஜூ என்ற அப்பாவிப் பிக்குவாக நடித்த ஃபெலிக்ஸ் வோங், 1997இல் கதாநாயகன் ச்சியாவ் ஃபெங்காக வந்தார். பதினைந்து வருடத்தில் சிஷ்யப் பிள்ளையாய் இருந்தவர் அண்ணனாகிவிட்டார். சீனப் பெருநிலத்தில் 2003இல் தயாரிப்பாளர் ஜாங் ஜிஜோங் எடுத்த 40 பகுதித் தொடரைத்தான் நான் இன்று பேசப்போகிறேன். அதற்குப் பிறகு 2013இலும் 2021இலும் வந்தவை உண்டு. அவற்றைப் பற்றிக் கேள்வி நேரத்தில் யாராவது கேட்டால் பதில் சொல்கிறேன். கேட்காமலிருந்தால் சந்தோஷம்.

கதை நடப்பது 11ஆம் நூற்றாண்டின் கடைசியில். தெற்கே சோங் அரசு, ஹான் சீனர்களுடையது. வடக்கே லியாவ் அரசு, கிதான் மக்களுடையது. தென்மேற்கே டாலி என்ற சிறு பௌத்த அரசு. மேற்கே ஷி ஷியாவும் திபெத்தும். சோங்குக்கும் லியாவுக்கும் 1005இல் ஏற்பட்ட சான்யுவான் உடன்படிக்கையின்படி சோங் அரசு ஆண்டுக்கு 1,00,000 தாயல் வெள்ளியும் 2,00,000 சுருள் பட்டும் வடக்கே அனுப்பவேண்டும். பணம் கொடுத்து வாங்கிய அமைதி என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் நூறு ஆண்டுக்கும் மேல் அந்த எல்லையில் பெரும் போர் இல்லை. போர் இல்லாத எல்லையில் இருப்பது வெறுப்பு. ஒருவர் மற்றவரைக் காட்டுமிராண்டி என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் வாழ்வது. இந்தக் கதைக்கு அந்த வெறுப்புதான் விறகு.

ச்சியாவ் ஃபெங் பிச்சைக்காரர் சங்கத்தின் தலைவன். சிரிக்காதீர்கள், வாள்வீச்சுக் கதைகளில் அது நாட்டின் மிகப் பெரிய சங்கம். உறுப்பினர் தோளில் எத்தனை பை தொங்குகிறது என்பதை வைத்துப் பதவி, தலைவனின் செங்கோல் ஒரு பச்சை மூங்கில் கம்பு. அதன் பெயர் நாயடிக்கும் கம்பு. ச்சியாவ் ஃபெங் முப்பது வயது சொச்சம், ஷாவ்லின் மலையடிவாரத்துக் குடியானவர் வீட்டில் வளர்ந்தவன், கிண்ணம் கிண்ணமாய்க் குடித்தாலும் தள்ளாடாதவன், சொன்ன சொல் தவறாதவன். சோங் நாட்டுக்காக லியாவை எதிர்ப்பதே சங்கத்தின் வேலை. அவன் பிறப்பால் கிதான் என்பது மாந்தோப்பு மாதிரி அமைதியான ஓர் ஆப்ரிகாட் தோப்பில் எல்லார் முன்னிலையிலும் வெளிப்படுகிறது.

அந்தத் தோப்புக் காட்சியில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். முதலில் நடப்பது ஒரு கலகம். சங்கத்தின் நான்கு மூத்தவர்கள் தலைவனுக்கு எதிராகச் சதி செய்து பிடிபடுகிறார்கள். விதிப்படி மரண தண்டனை. ஆனால் சங்கத்தில் இன்னொரு விதி இருக்கிறது: தலைவன் தன் இரத்தத்தைச் சிந்தினால் தம்பிகளின் குற்றம் கழுவப்படும். ச்சியாவ் ஃபெங் ஒவ்வொருவரும் முன்பு சங்கத்துக்குச் செய்த நன்மையை எடுத்துச் சொல்லி, ஒரு கத்தியைத் தன் தோளில் இறக்குகிறான். நான்கு பேர், நான்கு கத்தி. கூட்டம் கண்ணீர் விடுகிறது. அதே தோப்பில், தோளிலிருந்து இரத்தம் சொட்டிக்கொண்டிருக்கும்போதே, ஒரு பழைய கடிதம் வருகிறது, ஒரு முதிய பிக்கு வருகிறார், முப்பது வருடத்துக்கு முந்தைய கதை வருகிறது. தலைவர் ஒரு கிதான்.

சற்று முன்பு நாலு பேரைக் கழுவிச் சுத்தமாக்கிய இரத்தம், இப்போது அதுவே குற்றம். ஒரே தோள், ஒரே காயம். இந்தக் காட்சியை நூறு தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காததற்குக் காரணம் அதுதான். யாரும் வாயைத் திறந்து இந்த முரணைச் சொல்வதில்லை. ச்சியாவ் ஃபெங்காக நடிக்கும் ஹூ ஜுன் அந்தத் தோளோடு நின்றுகொண்டிருக்கிறார், அவ்வளவுதான். ஹூ ஜுன் பெய்ஜிங் மக்கள் கலை நாடகக் குழுவில் தேறி வந்த மேடை நடிகர். மேடையில் பழகியவர்களுக்குச் சும்மா நிற்கத் தெரியும். கேமரா முன் வளர்ந்தவர்களுக்கு அது எளிதில் வருவதில்லை. கையும் கண்ணும் எதையாவது செய்துகொண்டே இருக்கும். 1997இன் ஃபெலிக்ஸ் வோங்கை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அவரிடம் சோகம் அதிகம், குரலில் ஒரு நடுக்கம் உண்டு. ஹூ ஜுனிடம் உடல் அதிகம். இந்தப் பாத்திரத்துக்கு உடல் முக்கியம். ஏனென்றால் விசாரணையே அவன் உடலைப் பற்றியது, அது எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றியது.

தோப்பிலிருந்து அவன் கம்பைக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறான். பிறகு யான்மென் கணவாயில் இன்னொரு காட்சி. காட்டுவாத்து வாயில் என்று பொருள், ஷான்ஷியில் இருக்கிறது, வடக்கையும் தெற்கையும் பிரிக்கும் மலைவழி. கிதான் படை ஹான் கிராமங்களைச் சூறையாடும் என்று கேட்டு வளர்ந்தவன், அங்கே சோங் சிப்பாய்கள் கிதான் பெண்களையும் கிழவர்களையும் இழுத்துக்கொண்டு வருவதைப் பார்க்கிறான். ஒரு கிழவர் எதிர்த்து அடிபட்டு, சட்டை கிழிந்து, வடக்கே பார்த்து ஓநாய் மாதிரி ஓலமிட்டுச் சாகிறார். அவர் மார்பில் பச்சை குத்திய ஓநாய்த் தலை. ச்சியாவ் ஃபெங் தன் சட்டையைத் திறந்து பார்க்கிறான். குழந்தையிலிருந்து குளிக்கும்போதெல்லாம் பார்த்த அதே ஓநாய்த் தலை. அதுவரை அவனுக்கு அது ஒரு தழும்பு மாதிரி, உடம்போடு வந்த ஏதோ ஒன்று. அந்த நிமிடத்திலிருந்து அது எழுத்து. அவனால் அதைப் படிக்க முடிகிறது. அவன் ச்சியாவ் ஃபெங் இல்லை, ஷியாவ் ஃபெங்.

தமிழில் எழுதும்போது ச்சியாவ், ஷியாவ் இரண்டும் காதில் ஒட்டி ஒலிக்கின்றன. சீனத்தில் எழுத்தே வேறு. முன்னது வளர்த்த குடியானவரின் குடும்பப் பெயர். பின்னது லியாவ் அரசில் பட்டத்து ராணிகள் பிறக்கும் குலத்தின் பெயர். அரசர்கள் யெலூ குலம், ராணிகள் ஷியாவ் குலம். இன்னொன்றும் சொல்லவேண்டும். கிதான் என்ற பெயரிலிருந்துதான் மேற்குலகம் சீனாவுக்கு வைத்த "கேத்தே" என்ற பெயர் வந்தது. ரஷ்யர்கள் இன்றைக்கும் சீனாவைக் "கித்தாய்" என்றுதான் சொல்கிறார்கள். தோப்பில் நின்றவர்கள் காறித் துப்பிய அந்தப் பெயரை உலகம் அவர்களுக்கே வைத்துவிட்டது. ஹேண்டி ரோட்டில் கேத்தே தியேட்டரில் படம் பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர்? பார்த்தீர்களா, கை தூக்குகிறீர்கள். டிக்கெட்டில் அச்சடித்திருந்தது கிதான்களின் பெயர்.

இங்கே சிலருக்குக் கர்ணன் ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. பெற்றவர் ஒருவர், வளர்த்தவர் ஒருவர், சபை நடுவே பிறப்பைக் கேட்டு அவமானம், கொடுத்த வாக்கு, சாவு. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கர்ணன் தன் பிறப்பைத் தெரிந்துகொள்ளும்போது, அவனை இழிவுபடுத்தியவர்களைவிட அவன் உயர்ந்துவிடுகிறான். அதற்குப் பிறகு அவன் எந்தப் பக்கம் நின்றாலும் அது அவன் தேர்வு, அதில் ஒரு பெருமை. ஷியாவ் ஃபெங்குக்கு அந்த ஆறுதல் கிடையாது. அவன் யாரை எதிரி என்று நம்பி நேற்றுவரை கொன்றானோ அவர்களில் ஒருவனாகிறான். கர்ணனுக்கு ரகசியத்தைச் சொன்னது கண்ணனும் குந்தியும், தனியாக. இவனுக்குச் சொன்னது கூட்டம். கூட்டம் சொன்னதை மறுபடி ரகசியமாக்க முடியாது. நம் ஊரில் ஊர் பேர் தெரியாதவன் என்று ஒருவனை ஏளனமாகச் சொல்வோம். இவனுக்கு ஊரும் பேரும் தெரிந்துபோய்விட்டது. அதுதான் சாபம்.

அந்த முப்பது வருடத்துப் பழைய கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாரோ கிளப்பிய வதந்தியை நம்பி ஹான் வீரர்கள் யான்மென்னில் ஒரு கிதான் குடும்பத்தை மறித்துத் தாக்குகிறார்கள். மனைவி சாகிறாள். கணவன் குழந்தையை மேலே எறிந்துவிட்டுப் பள்ளத்தில் குதிக்கிறான். தப்பு என்று தெரிந்ததும் அவர்கள் குழந்தையை எடுத்து ஒரு குடியானவரிடம் கொடுத்து வளர்க்கச் சொல்கிறார்கள். குதித்தவன் சாகவில்லை. முப்பது வருடம் ஒளிந்திருந்து, ஒவ்வொருவராகத் தீர்க்கிறான். மகனை வளர்த்த அந்தக் கிழத் தம்பதியையும் சேர்த்து. பழி மகன்மேல் விழுகிறது. பெற்றவன் வளர்த்தவர்களைக் கொல்கிறான் என்ற ஒரு வரிக்குள் ஜின் யோங் நாவலின் பாதி எடையை வைத்துவிட்டார்.

கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், தொடரின் நான்கு ஆண்களுக்கும் ஒரே நோய்தான். துவான் யூ டாலி இளவரசன். வாழ்க்கை முழுதும் அப்பா என்று நினைத்தவர் அப்பா இல்லை, ஊரே அஞ்சும் ஊனமுற்ற வில்லன்தான் அப்பா. அவன் அதை ஒப்புக்கொண்டு அரசனாகிறான். ஷூ ஜூ அநாதைப் பிக்கு. அவன் அப்பா ஷாவ்லின் மடத்தின் தலைமைப் பிக்குவேதான், யான்மென் தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவரும் அவர்தான். மகனை எல்லார் முன்னும் ஒப்புக்கொண்டு, தானே விதித்த 200 தடியடியை வாங்கி அங்கேயே செத்துப்போகிறார். பெற்றோரைக் கண்ட நாளிலேயே ஷூ ஜூ மறுபடி அநாதை. நாலாவது ஆள் முரோங் ஃபூ. அவனுக்குப் பிறப்பில் குழப்பமே இல்லை. அழிந்து பல நூற்றாண்டான யான் அரசின் வாரிசு. அந்தத் தெளிவுதான் அவனைக் கெடுக்கிறது. அவனிடம் கடைசியில் வருகிறேன்.

ஜின் யோங்கின் தந்தை 1951இல், நிலவுடைமையாளர் என்ற பழியோடு, சீனாவில் மரண தண்டனைக்கு ஆளானவர். 1985இல் தீர்ப்பு தவறு என்று அறிவித்தார்கள். அதனால்தான் இப்படி எழுதினார் என்று நான் முடிச்சுப் போடமாட்டேன். அப்படி முடிச்சுப் போடுவது விமரிசகர்களின் சோம்பேறித்தனம். ஆனால் ஒருவன் என்ன செய்தான் என்பதைப் பார்க்காமல் யாருக்குப் பிறந்தான் என்பதை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் கூட்டத்தை இவ்வளவு துல்லியமாக எழுதியவர், அந்தக் கூட்டத்தைப் புத்தகத்தில் மட்டும் பார்த்தவராக இருக்கமுடியாது.

சண்டைக்கு வருகிறேன். வாள்வீச்சுத் தொடர் என்று கூப்பிட்டுவிட்டுச் சண்டையைச் சொல்லாமல் போனால் பின்வரிசை இளைஞர்கள் விடமாட்டார்கள். ஷியாவ் ஃபெங்கின் வித்தை, லோங்கை அடக்கும் 18 உள்ளங்கை அடி. லோங் என்பதை நான் நாகம் என்றே சொல்லிக்கொள்கிறேன். அடிகளின் பெயர்களில் பல "யி ஜிங்" என்ற பழைய நிமித்த நூலிலிருந்து எடுத்தவை. முதன்மையான அடிக்குப் பெயர் "உச்சத்துக்குப் போன நாகம் வருந்தும்" என்கிற மாதிரி. அடியின் சூட்சுமம் அடிப்பதில் இல்லை, எவ்வளவு வலுவை உள்ளே நிறுத்திவைக்கிறாய் என்பதில் இருக்கிறது என்று ஜின் யோங் இன்னொரு நாவலில் ஓர் ஆசானைக்கொண்டு விளக்குவார். 2003 தொடரின் சண்டைகளில் ரோப் வேலை அதிகம். நம் ஸ்டண்ட் மாஸ்டர்கள் பார்த்தாலே கம்பி எங்கே கட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். கணினி வரைகலைக்கும் வயதாகிவிட்டது. தூசியும் ஒளியும் பறக்கிறபோது நான் தேநீர் போடப் போய்விடுவேன்.

ஆனால் இரண்டு சண்டைகளுக்கு எழுந்திருக்கமாட்டேன். ஒன்று வீரர் கூட்டம் நடந்த மாளிகையில். அடிபட்டுச் சாகக் கிடக்கும் ஆ ஜூ என்ற பெண்ணைக் காப்பாற்ற ஒரு மருத்துவர் தேவை. அந்த மருத்துவர் இருக்கிற இடத்தில்தான் அவனைக் கொல்ல ஊரே கூடியிருக்கிறது. தெரிந்தே போகிறான். போய் மது கேட்கிறான். பழைய நண்பர்கள் வரட்டும், ஆளுக்கொரு கிண்ணம் குடிப்போம், கிண்ணம் காலியானால் நட்பும் காலி, அப்புறம் யாரும் தயங்கவேண்டாம் என்கிறான். வரிசையாக வருகிறார்கள். குடிக்கிறார்கள். சிலர் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. சண்டை தொடங்குவதற்கு முன்பே முக்கியமான வெட்டெல்லாம் விழுந்துவிட்டது. பிறகு ஓடுகிற இரத்தம் கணக்கு முடிக்கிற வேலை மட்டுமே.

இன்னொன்று சண்டை என்றுகூடச் சொல்லமுடியாது. ஒரே அடி. மழை, இடி, ஒரு கல்பாலம். பெற்றோரின் சாவுக்குக் காரணமான தலைவன், துவான் யூ அப்பா என்று நினைத்த துவான் ஜெங்சுன்தான் என்று ஒருத்தி பொய் சொல்லியிருக்கிறாள். பாலத்தில் அவரைச் சந்தித்து ஓங்கி அடிக்கிறான். எதிரில் இருப்பவர் தடுக்கவில்லை. உடல் எடையில்லாமல் விழுகிறது. முகத்தைத் தொட்டால் மாவும் பசையும் கையோடு வருகின்றன. உள்ளே ஆ ஜூ. துவான் ஜெங்சுன் தன் அப்பா என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அப்பாவையும் காப்பாற்றவேண்டும், அவரைக் கொன்றால் டாலி வீரர்கள் இவனை விடமாட்டார்கள் என்பதால் இவனையும் காப்பாற்றவேண்டும், அதனால் வேடம் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். மாறுவேடம் அவளுடைய கலை. அதுவரை தொடர் முழுதும் அவள் பிக்கு மாதிரியும் கிழவி மாதிரியும் வேடம் போட்டு நம்மைச் சிரிக்கவைத்திருக்கிறாள். ஆ ஜூவாக நடிக்கும் லியூ தாவ் அந்தச் சிரிப்பைத் தாராளமாகக் கொடுத்திருப்பதால்தான் பாலத்தில் நமக்கு மூச்சு நிற்கிறது. உள்ளே நிறுத்திவைக்கவேண்டிய வலுவை அவன் அந்த ஒரு தடவை நிறுத்திவைக்கவில்லை. யான்மென்னுக்கு அப்பால் போய் ஆடு மாடு மேய்த்துப் பிழைப்போம் என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள். தொடரில் பிற்பாடு புல்வெளியில் ஆடுகள் வரும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். ஹாங்காங் தொடர்களின் ஸ்டுடியோ வெளிச்சத்தில் கிடைக்காத லாபம் அந்தத் திறந்தவெளி.

குறைகளையும் சொல்லவேண்டும். ஷூ ஜூவின் கதைப்பகுதி இழுவை. அவனுக்குத் தற்செயலாகக் கிடைக்கும் வித்தைகள், பதவிகள், மனைவி எல்லாம் நாளிதழ்க்காரரின் அவசரத்தில் பிறந்தவை. தொடர் அவற்றைச் சுருக்கத் துணியவில்லை. துவான் யூவாக வரும் ஜிம்மி லின் கலகலப்பானவர், ஆனால் துவான் யூ காதலிக்கும் பெண்ணெல்லாம் தங்கை என்று தெரியவரும்போது நம் மெகா சீரியல்களே கூச்சப்படும். அந்தத் தங்கைகளின் தகப்பனான துவான் ஜெங்சுன் வீட்டுக்கு வீடு ஒரு காதலியை விட்டுவைத்தவர். கதை அவரை ரசிக்கிறது, அந்தப் பெண்களைத் தண்டிக்கிறது. எனக்கு அது ஒப்பவில்லை. எல்லாச் சண்டை நூல்களையும் மனப்பாடமாகச் சொல்லும், ஒரு குத்துகூட விடத் தெரியாத வாங் யூயன் என்ற அற்புதமான பாத்திரத்தை லியூ யிஃபெய்யின் முகத்தை வைத்து வெறும் ஓவியமாக்கிவிட்டார்கள். அப்போது அவருக்குப் பதினைந்து வயது சொச்சம், அவரைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை.

வரலாற்றிலும் ஜின் யோங் கை வைத்திருக்கிறார். லியாவ் பேரரசர் யெலூ ஹோங்ஜிக்கு எதிராக அவர் உறவினர் செய்த கலகத்தை ஷியாவ் ஃபெங் அடக்குவதாக வருகிறது. அந்தக் கலகம் நடந்தது 1063இல். கதை நடப்பதோ 1090களில். முப்பது வருடத்தை நகர்த்திவிட்டார். கதைக்காரருக்கு அந்த உரிமை உண்டு என்பது என் கட்சி.

ஷாவ்லின் என்றதும் போதிதருமரைப் பற்றி ஏன் பேசவில்லை என்று யாராவது எழுந்து கேட்பீர்கள், அதையும் முடித்துவிடுகிறேன். 6ஆம் நூற்றாண்டில் லுவோயாங் கோயில்களைப் பற்றி எழுதிய யாங் ஷுவான்ஜி அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறார். அடுத்த நூற்றாண்டின் தாவ்ஷுவான் தென்னிந்தியர் என்கிறார். காஞ்சிபுரம் என்பது பிற்கால மரபு. அவர் எழுதியதாகச் சொல்லப்படும், இந்தத் தொடரில் ஆ ஜூ திருடுகிற, தசைநார் நூல் 17ஆம் நூற்றாண்டில் உருவானது என்பது ஆய்வாளர் கருத்து. பெருமைப்பட வேறு விஷயம் வேண்டுமானால் தருகிறேன். தொடரில் திபெத்திலிருந்து வரும் தலைக்கனம் பிடித்த பிக்குவின் பெயர் ஜியூமோஜி. சீனத்தில் ஜியூமோ என்பது குமார என்ற சொல்லின் ஒலிபெயர்ப்பு, குமாரஜீவரின் பெயரிலும் அதுதான் இருக்கிறது. ஆக, நம் பக்கத்துக் குமார் ஒருவர் உள்ளே இருக்கிறார், வில்லனாக. ஒருவன் பிறந்த ஊரைத் தேடிப் பிடித்து உரிமை கொண்டாடுவதால் என்ன ஆகும் என்று 40 பகுதிகள் சொல்கிற தொடரைப் பார்த்துவிட்டு நாமே அதைச் செய்யவேண்டாமே.

முடிவு மறுபடி யான்மென்னில். லியாவ் அரசன் ஷியாவ் ஃபெங்குக்கு நண்பன், சத்தியச் சகோதரன். அவன் சோங்கின்மேல் படையெடுக்கச் சொல்கிறான். ஷியாவ் ஃபெங் மறுக்கிறான், கூண்டில் அடைபடுகிறான், மீட்கப்படுகிறான். கடைசியில் அரசனையே பிடித்துவைத்து, உன் ஆயுளில் ஒரு சிப்பாயும் எல்லை தாண்டக்கூடாது என்று வாக்கு வாங்குகிறான். அரசன் அம்பை இரண்டாக ஒடித்துச் சத்தியம் செய்கிறான். விடுதலையானதும் திரும்பிப் பார்த்து, சோங்குக்கு இவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறாய், இனி அங்கே உனக்குப் பெரும் பதவி காத்திருக்கும் என்று ஒரு சொல்லை எறிகிறான். ஷியாவ் ஃபெங் தரையில் கிடந்த இரண்டு துண்டு அம்பையும் எடுத்துத் தன் நெஞ்சில் குத்திக்கொள்கிறான். ஓநாய்த் தலை இருக்கிற அதே நெஞ்சில். சுற்றி நின்ற ஹான் வீரர்களுக்குப் புரியவில்லை. கிதான்காரன் ஏன் நமக்காக இதைச் செய்தான் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். தோப்பில் அவன் தோளில் கத்தி இறங்கியதைப் பார்த்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

நாவல் அங்கே முடியவில்லை. டாலிக்குப் போகும் வழியில் துவான் யூ ஒரு காட்சியைப் பார்க்கிறான். ஒரு மண்மேடு, பழைய கல்லறை. அதன்மேல் முரோங் ஃபூ உட்கார்ந்திருக்கிறான். தலையில் காகிதத்தில் செய்த கிரீடம். புத்தி பேதலித்துவிட்டது. கீழே கிராமத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வரிசையாக மண்டியிட்டு, மகாராஜா வாழ்க என்கிறார்கள். நன்றாகக் கும்பிட்டவர்களுக்குப் பரிசு உண்டு என்று அவன் சொல்கிறான். பக்கத்தில் ஆ பி என்ற பணிப்பெண், கையில் கூடை. அழுதுகொண்டே பிள்ளைகளுக்கு மிட்டாயும் பலகாரமும் எடுத்துக் கொடுக்கிறாள். பிள்ளைகள் நாளைக்கும் வருகிறோம் என்று சொல்லிவிட்டு ஓடுகிறார்கள்.